காவல் நாயும் கயிறு பிடிப்பவரும்

நாய் வளர்ப்பது வேறு, நாயைக் காவலுக்கு வைப்பது வேறு. வளர்ப்பு நாய் தனக்குத் தெரிந்தவர்கள் நடுவில் வாழ்கிறது. காவல் நாயோ தெரியாதவர்களைச் சந்திப்பதற்கென்றே நிறுத்தப்படுகிறது. பால்காரர், பேப்பர் போடும் பையன், குப்பை எடுக்க வரும் பெண்மணி, பந்தைத் தேடி மதிலேறும் சிறுவன், உண்மையான திருடன் ஆகிய எல்லோரும் அதன் கண்ணுக்குத் ‘தெரியாதவர்’ என்ற ஒரே இனம்தான். இவர்களைப் பிரித்தறிந்து சொல்ல அருகில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

மும்பையில் கட்டடம் எழும்பும் இடங்களிலும், கோடவுன்களிலும், லாரி யார்டுகளிலும், சில ஹவுஸிங் சொஸைட்டிகளிலும் காவலுக்கு நாய் வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறோம். செம்பூரிலும் மாதுங்காவிலும் சொஸைட்டிக் கமிட்டியில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்களில் நாம் உண்டு. தாராவியில் பட்டறையும் கோடவுனும் வைத்திருப்பவர்களில் நாம் உண்டு. இரவில் கம்பும் டார்ச்சுமாகக் காவலுக்குப் போகிறவர்களிலும் நாம் உண்டு. ஆகவே காவல் நாயின் பயிற்சி, பராமரிப்பு, அதைப் பற்றிய சட்டம் ஆகிய மூன்றையும் பாடம்போல ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். காவல் நாய் என்பது நாயும் அதன் கயிற்றைப் பிடிப்பவரும் சேர்ந்த ஒரு ஜோடி. அந்த ஜோடியில் மனிதரை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது அபாயம்தான்.

கல்லில் வடித்த ஜோடி

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர் விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காவல் இருந்த கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நாய்க்குப் பெயர் இருந்தது, எஜமானன் பக்கத்தில் இருந்தான், இருவரும் சேர்ந்து காத்தார்கள். கட்டிப்போட்டுவிட்டு எஜமானன் வீட்டுக்குப் போய்த் தூங்கிய கதை அல்ல அது.

நமது இராஜபாளையம், கோம்பை நாய்களும் பண்ணையையும் வீட்டையும் காத்துப் பெயர் பெற்றவை. இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. ஆனால் இவை பரந்த நிலத்தில் ஓடிப் பழகிய இனங்கள். ஆறடிச் சந்தில் இரண்டடிச் சங்கிலியில் கட்டினால் அவற்றின் குணம் கெடும்.

எந்த நாய் எந்த வேலைக்கு?

‘போலீஸ் நாய்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் வேலைகள் வெவ்வேறு.

முதலாவது, குரல் கொடுக்கும் நாய். ஆள் வந்தால் குரைக்கும். கடிக்க வேண்டிய அவசியம் இல்லை. குடியிருப்புகளுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, காவல் நாய். ஹேண்ட்லருடன் சுற்றி வந்து, அத்துமீறி நுழைந்தவரைத் தடுத்து நிறுத்தும். கட்டளை வந்தால் பிடிக்கும், கட்டளை வந்தால் விடும்.

மூன்றாவது, மோப்ப நாய். இதற்கும் கடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 1993 மும்பை குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நகரைக் காத்த ‘ஜஞ்சீர்’ ஒரு லாப்ரடார். புணேயில் பயிற்சி பெற்றது. 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தும் 249 கையெறி குண்டுகளும் கண்டெடுக்க உதவியதாகப் பதிவு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு இறந்தபோது போலீஸ் மரியாதை செய்யப்பட்டது. அத்தனை பெரிய சேவையையும் அது மூக்கால் செய்தது, பல்லால் அல்ல.

அரசுப் படைகள் இந்த வித்தியாசத்தை நன்கு அறிந்தவை. ராணுவத்துக்கு மீரட்டிலும், எல்லைப் பாதுகாப்புப் படைக்குக் குவாலியர் அருகே தேகன்பூரிலும் நாய்ப் பயிற்சி மையங்கள் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படைக்கு நம் கோயம்புத்தூர் போத்தனூரில் மையம் இருக்கிறது. அங்கெல்லாம் நாய்க்கு மட்டும் பயிற்சி கொடுத்து அனுப்புவதில்லை. ஹேண்ட்லரையும் கூடவே பழக்கி, இருவரையும் ஒன்றாகவே வேலைக்கு அனுப்புகிறார்கள்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை அது உலகத்தைத் தெரிந்துகொள்ளும் காலம். குழந்தைகள், குடை, மோட்டார் சைக்கிள், ஊன்றுகோல், பட்டாசு, பர்தா அணிந்தவர், ஹெல்மெட் போட்டவர் என்று எல்லாவற்றையும் அப்போது பயமில்லாமல் பார்த்துப் பழக வேண்டும். இந்தக் காலத்தில் அறைக்குள் அடைத்து வளர்த்த நாய் பிற்காலத்தில் பயத்தினால் கடிக்கும். பயந்த நாய் நல்ல காவல் நாய் ஆவதில்லை.

அடுத்தது கீழ்ப்படிதல். உட்கார், படு, நில், கூட வா, திரும்பி வா ஆகிய ஐந்தும் எந்தச் சந்தடியிலும் முதல் குரலிலேயே நடக்க வேண்டும். இதன்பிறகு, நாய் ஒரு வயது தாண்டி மனம் முதிர்ந்த பின்தான் காவல் பயிற்சி. அதில் மிக முக்கியமான கட்டளை ‘பிடி’ அல்ல, ‘விடு’. விடச் சொன்னால் விடாத நாயை வேலையில் வைக்கக் கூடாது. நாய் விற்பவர் ‘பயிற்சி பெற்ற நாய்’ என்று சொன்னால் நீங்கள் பார்க்க வேண்டிய சோதனை இதுவே.

மும்பைக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. நாயைப் பழக்கியவர் ஆங்கிலத்தில் கட்டளை சொல்லியிருப்பார். பகல் வாட்ச்மேன் போஜ்புரி பேசுவார், இரவு வாட்ச்மேன் நேபாளி பேசுவார், செக்ரட்டரி தமிழில் அதட்டுவார். நாய்க்கு நான்கு பாஷை தெரியாது. அது அறிந்தது சில ஒலிகளை மட்டுமே. எனவே கட்டளைச் சொற்கள் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். அவற்றை எழுதி வாட்ச்மேன் கேபினில் ஒட்டி வைக்க வேண்டும்.

பட்டினி போட்டால் மூர்க்கம் வரும், மிளகாய்ப் பொடி கொடுத்தால் கோபம் வரும், அடித்தால் விசுவாசம் வரும் என்று சிலர் சொல்வார்கள். மூன்றும் மூடநம்பிக்கை. பசித்த நாய் திருடன் வீசும் இறைச்சித் துண்டுக்கு வாலாட்டும். அடிபட்ட நாய் ஓங்கிய கை எதைக் கண்டாலும் பாயும். அது வணக்கம் சொல்ல உயர்ந்த கையாகவும் இருக்கலாம்.

கம்பி அறுந்தால் என்ன ஆகும்?

ரயில்வேயில் நாங்கள் முதலில் கற்றது ஒரு கேள்வி: ‘இந்தச் சாதனம் பழுதானால் எந்தப் பக்கம் விழும்?’ கைகாட்டியின் கம்பி அறுந்தால் அது தானாகவே ‘நில்’ என்ற நிலைக்கு வரும். பெட்டிகள் பிரிந்து பிரேக் குழாய் துண்டித்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழுது நேர்வதைத் தடுக்க முடியாது. ஆனால் பழுது நேரும்போது உயிர் போகாத பக்கம் விழும்படி அமைக்க முடியும்.

காவல் நாய்க்கும் இதே கேள்வியைப் போடுங்கள். சங்கிலி அறுந்தால் என்ன ஆகும்? வாட்ச்மேன் தேநீர் குடிக்கப் போனால் என்ன ஆகும்? கேட்டைத் தாழிட மறந்தால் என்ன ஆகும்? ‘யாரையாவது கடிக்கும்’ என்பது பதிலானால், அந்த அமைப்பு அபாயத்தின் பக்கம் விழும் அமைப்பு. நாயின் கூண்டுக்கும் தெருவுக்கும் நடுவே குறைந்தது இரண்டு கதவுகள் இருந்தால், ஒன்று தவறினாலும் இன்னொன்று காக்கும்.

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கயிறு இல்லாத இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தலையில் பலத்த காயம். அந்தச் சிறுமி பூங்காக் காவலாளியின் மகள். அவை வளர்ப்பு நாய்கள்தான். ஆனால் பாடம் ஒன்றே: பலம் பெருத்த நாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு கயிறுகூட இல்லை. பிழைப்புக்காகக் காவல் இடத்திலேயே குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் முதலில் அகப்படுகிறார்கள். மும்பையில் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இத்தகைய குடும்பங்கள் எத்தனையோ.

சட்டம் சொல்வது

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே அடிப்படை. இதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பது தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி. 1952-இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரான அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்தே அரசு இந்தச் சட்டத்தை இயற்றியது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர்.

சட்டத்தின் 11-ஆவது பிரிவு நாய்களைக் குறிப்பாகவே சொல்கிறது. அளவுக்கு மீறிய நேரம், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயைத் தகுந்தபடி நடமாட விடாததும் குற்றம். போதிய உணவு, நீர், தங்குமிடம் தராததும் குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! 1960-இல் அது ஒரு தொகை. இன்று மாதுங்காவில் ஒரு தட்டு இட்லிக்கே காணாது.

நாய் மனிதரைக் கடித்தால் வேறு சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவாகியுள்ளது. தன் பொறுப்பிலுள்ள பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பொறுப்பிலுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்திருந்த வாட்ச்மேனும் இதில் அகப்படலாம்.

இந்தச் சட்டம் எவ்வளவு தாமதமாக வேலை செய்கிறது என்பதற்கு மும்பையிலேயே உதாரணம் இருக்கிறது. 2010-இல் நேப்பியன் ஸீ ரோட்டில் காருக்குள் இருந்த ராட்வைலர் வெளியே வந்து முதியவர் ஒருவரைக் கடித்தது. கிர்காவ் நீதிமன்றம் நாயின் சொந்தக்காரருக்கு மூன்று மாதச் சிறை விதித்தது 2023-இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

சட்டம் சொல்லாதது

தனியார் காவல் நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. மத்திய மாதிரி விதிகளின்படி காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் தேவை. மஹாராஷ்டிரத்தில் 1981 முதலே தனியார் காவலாளிகள் நலனுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. ஆனால் அந்தக் காவலாளியின் கையில் நாயைக் கொடுத்தால் என்ன பயிற்சி வேண்டும் என்று மாதிரி விதிகளின் பாடத்திட்டத்தில் ஒரு சொல் இல்லை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-இல் விதிகள் வந்தன. தெருநாய்க் கருத்தடைக்கு 2001-இலும் 2023-இலும் விதிகள் வந்தன. காவலுக்கு நிறுத்தும் நாய் இவற்றுக்கு நடுவில் விழுந்துவிட்டது.

2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இனங்களைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலக்காமல் எழுதியது செல்லாது என்று ஏப்ரல் மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் அதை நீக்கின. இனத்தின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் தீர்வு வராது என்பது என் அபிப்பிராயம். இனம் எதுவானாலும் ஆள் இல்லாமல் அவிழ்த்துவிட்ட நாய் அபாயமே.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1975-இல் காவல் நாய்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் கரு இரண்டே விதிகள். ஒன்று: நாயை அடக்கத் தெரிந்த ஹேண்ட்லர் அந்த இடத்தில் இருந்து அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் நாய் அங்குமிங்கும் திரிய முடியாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு: ஒவ்வொரு வாசலிலும் தெளிவாகத் தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வேண்டும். காவல் நாய்க் கொட்டில்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற பகுதி மட்டும் அங்கும் அமலுக்கு வரவே இல்லை. நமக்கு இங்கே ஒரு விதி வருமானால் இந்த இரண்டோடு, நாயின் நலனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நாயின் நலன் நம் நலன்

நாய்க்கு நம்மைப்போல் வியர்த்து உடம்பைக் குளிர்விக்க முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெப்பத்தைத் தணிக்க வேண்டும். அதன் சாதாரண உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்ஷியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மே மாத வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கட்டிப்போடுவது கொலைக்குச் சமம். வாய்ப்பூட்டு போடுவதானால் இரைக்கவும் நீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வகையாக இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் வார் கூடாது.

மழைக்காலம் வந்தால் வேறு தொல்லை. எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் லெப்டோஸ்பைரோஸிஸ் மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, டாக்டர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் போட வேண்டும். பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் பிராணிகள் ஆஸ்பத்திரி மாதுங்காவிலிருந்து அதிக தூரம் இல்லை.

நாமே வகுத்துக்கொள்ளக்கூடிய பத்து விதிகள்

அரசு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொஸைட்டியோ பட்டறையோ கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம்.

1. பயிற்சி பெற்ற ஹேண்ட்லர் இல்லாத நேரத்தில் நாய் கூண்டில் இருக்கும், வளாகத்தில் திரியாது.
2. ஹேண்ட்லர் வெளி வாட்ச்மேனாக இருந்தாலும் நாயோடு சில வாரங்கள் சேர்ந்து பழகிய பிறகே தனியாகப் பொறுப்பேற்பார். அவருக்கு விருப்பம் இல்லையென்றால் கட்டாயப்படுத்தக் கூடாது.
3. ஒவ்வொரு வாசலிலும் நாயின் படத்துடன் பலகை வேண்டும். எழுத்து மராட்டி, ஹிந்தி, தமிழ் மூன்றிலும் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படம் பேசும்.
4. கூண்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இரண்டு கதவுகள்.
5. ‘விடு’ கட்டளைச் சோதனை மாதம் ஒருமுறை. தவறினால் மறுபயிற்சி வரை வேலை இல்லை.
6. மாநகராட்சி லைசென்ஸ், தடுப்பூசிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் கேபினில் இருக்க வேண்டும்.
7. தினம் இரண்டு வேளை கயிற்றோடு நடை; நிழல், நல்ல தண்ணீர், உலர்ந்த படுக்கை.
8. இரவு முழுவதும் வேலை செய்த நாய்க்குப் பகலில் சந்தடியில்லாத இடத்தில் ஓய்வு.
9. கடி, பாய்ச்சல், கயிறு அறுதல் எதுவானாலும் பதிவேட்டில் தேதியுடன் எழுத வேண்டும். சிறிய சம்பவங்களே பெரிய விபத்தின் முன்னறிவிப்பு.
10. எட்டு ஒன்பது வயதில் நாய் ஓய்வு பெறும்போது யார் வீட்டில் இருக்கும் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். தெருவில் விடுவது குற்றம்.

இவ்வளவையும் கணக்குப் போட்டால், ‘ஒரு வாட்ச்மேன் சம்பளம் மிச்சம்’ என்று நாய் வாங்குவது தப்புக் கணக்கு என்பது விளங்கும். நாய் வந்தால் ஒரு வாட்ச்மேன் குறைவதில்லை. திறமையான ஒருவர் கூடுதலாகத் தேவைப்படுகிறார். அந்தச் செலவுக்கு மனம் இல்லாத இடத்தில் நல்ல விளக்கு, நல்ல பூட்டு, உறங்காத ஒரு வாட்ச்மேன் போதும்.

கடித்துவிட்டால்

எந்த நாய் கடித்தாலும், ஊசி போட்ட நாயே ஆனாலும், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய், காபிப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாராவி, மாதுங்கா அன்பர்களுக்கு மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ரத்தம் வந்த காயமானால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை, கேட்டுப் பெறுங்கள். வலி தீர்ந்ததும் ஊசியை நடுவில் நிறுத்தாதீர்கள். வெறிநோய் அறிகுறிகள் தோன்றிய பிறகு காப்பாற்றுவது அநேகமாக இயலாத காரியம்.

சொஸைட்டிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டும் என்பது அன்பர்கள் அறிந்ததே. உங்கள் வளாகத்தில் காவல் நாய் இருந்தால் இந்தப் பத்து விதிகளையும் அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிச் செக்ரட்டரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்பே ஓர் இரவு கீழே இறங்கிப் போய், கயிற்றைப் பிடித்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த நாய் நீங்கள் சொன்னால் விடுமா?’ அவர் தயங்கினால் கடிதத்தை மறுநாளே கொடுத்துவிடுங்கள்.